தள்ளுபடியாருக்கு ஒரு கண்ணாடி

உள்ளே நுழைந்ததுமே தள்ளுபடியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கடை திறக்கும் நேரம் பார்த்து வந்தும், அவருக்கு முன்பே ஒரு பெரியவர் வந்து கோடியில் நின்றுகொண்டிருந்தார்.

வழுக்கைத் தலை, தொங்கிப்போன தோள், நீலக் கட்டம் போட்ட சட்டை. அதே சட்டை தள்ளுபடியாரிடம் மூன்று இருந்தது, அன்றும் அதில் ஒன்றைத்தான் போட்டிருந்தார். ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசத்துக்கு இவரும் போயிருப்பார் போல என்று நினைத்து, மரியாதைக்குத் தலையசைத்தார். பெரியவரும் உடனே தலையசைத்தார்.

தள்ளுபடியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அங்கே அவர் தலைமை எழுத்தர். பாதி விலை என்றால் பாம்பைக்கூட வாங்கி வந்துவிடுவார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். மறுத்துப் பேச அவரிடமும் ஆதாரம் எதுவும் இல்லை.

கண்ணாடி வாங்குவதை மட்டும் நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தார். "உங்களுக்குக் கண்ணாடி வேணும்ங்க" என்று மனைவி வாயைத் திறந்தாலே, "எனக்குக் கழுகுக் கண்ணு" என்று அடக்கிவிடுவார். எங்கே, ஊசியில் நூல் கோத்துக் காட்டுங்கள் என்று அவள் கேட்ட அன்று மட்டும் அவருக்கு வெளியே அவசர வேலை வந்துவிட்டது.

போன மாதக் கூட்டத்தில்தான் மானம் போனது. நன்றியுரையில் 'சிறந்த மேலாளர்' என்று இருந்ததை 'இறந்த மேலாளர்' என்று கணீரென்று வாசித்துவிட்டார். மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரும் திங்கட்கிழமை மறுபடியும் வாசிக்க வேண்டும். ஒரே ஆளை இரண்டு முறை சாகடித்தால் யார்தான் பொறுப்பார்கள்?

அதற்குள் கண்ணாடி வேண்டும், மனைவிக்குத் தெரியவும் கூடாது. தெரிந்தால் நாலு வருஷத்து வீறாப்பும் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும். அதனால்தான் தெரிந்தவர்கள் யாரும் வராத தெருவாகப் பார்த்து, இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்.

வெளியே பலகையில் 'கண்ணாடி', 'பாதி விலை' என்ற இரண்டும் யானை அளவு எழுத்தில் இருந்தன. நடுவே இருந்த பொடி எழுத்தை அவர் பொருட்படுத்தவில்லை. பாதி விலை என்று தெரிந்த பிறகு படிக்க என்ன இருக்கிறது?

"வாங்க சார். என்ன பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"கண்ணாடிதான். கொஞ்ச நாளா எல்லாம் மசமசன்னு தெரியுது."

"பழசாயிட்டா அப்படித்தான் சார் ஆகும்."

தள்ளுபடியாருக்குச் சுருக்கென்று தைத்தது. ஐம்பத்தாறு எல்லாம் ஒரு வயசா? விலையை உத்தேசித்துப் பொறுத்துக்கொண்டார்.

"வட்டமா, சதுரமா சார்?"

"வட்டம் வேண்டாம். சதுரமே இருக்கட்டும், சின்னதா."

"பெருசுலதான் சார் முகம் எடுப்பா தெரியும்."

"கனமா இருக்குமே. தாங்க வேண்டாமா?"

"பிளாஸ்டிக் ஃபிரேம் போட்டுத் தரேன், கனமே தெரியாது. வீட்டுக்கே ஆள் அனுப்பி அளவு எடுத்து, மாட்டியும் விட்டுருவோம். அதுக்குத் தனியா எதுவும் தர வேண்டாம்."

மாட்டிவிடக்கூட ஆள் வருகிறது. இப்படி ஒரு தள்ளுபடியை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் கதவைத் திறக்கப்போகிறவள் மனைவி.

"வீட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க. மாட்டிக்க எனக்குத் தெரியும்."

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் கோணலா மாட்டிடறாங்க."

"வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதுங்க, அதான்."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தெரியாம எப்படி சார்? மாட்டினா தெரிஞ்சுருமே."

"வீட்டுல மாட்ட மாட்டேன். ஆபீஸ்ல மட்டும்தான்."

"ஆபீசுக்கா? முதல்லயே சொல்லியிருக்கலாமே. இன்னும் பத்து பெர்சென்ட் குறைச்சுக்கலாம்."

தள்ளுபடியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்த இடத்தில் அலுவலகத்துக்குக்கூட ஒரு மதிப்பு இருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்தினார். கோடியில் பெரியவரும் கொஞ்சம் நிமிர்ந்தது போல இருந்தது.

அப்போதுதான் அந்த மனிதரை அவர் சரியாகப் பார்த்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்த வயதில் கண்ணும் மங்கி, துணைக்கு ஒருவரும் இல்லாமல் கடைக்கு வந்து நிற்கிறாரே என்று நிஜமாகவே பரிதாபம் வந்தது. தனக்கு அந்த நிலைமை வர இன்னும் இருபது வருஷமாவது ஆகும் என்று கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

"ஏங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் பெருந்தன்மையாக. "முதல்ல அந்தப் பெரியவரைக் கவனிங்க. எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும், பாவம். எவ்வளவு நேரமா நிக்கறார், ஒரு நாற்காலி போடக் கூடாதா?"

கடைக்காரர் கோடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தள்ளுபடியாரை மேலும் கீழும் பார்த்தார். அவர் குரல் தானாகத் தணிந்தது.

"அங்க யாரும் இல்ல சார். இது முகம் பாக்கற கண்ணாடிக் கடை."