அவர் போனுக்கு வரும் எச்சரிக்கை

தாபோடியில் எங்கள் வீடு ஆற்றை ஒட்டி இருக்கிறது. பெரிய மழை வரப்போகிறது என்றால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறும். பிறகு ஒரு குரல் எச்சரிக்கையை மராத்தியில் படிக்கும்.

என் வீட்டுக்காரர் ஜெயசீலனின் போன் மட்டும் தமிழில் படிக்கும்.

"ஏங்க, கேலரிக் கொடில துணி காயுது. தேஹு ரோடு போறப்ப குடை எடுத்துக்குங்க."

"சோனியா குரல்" என்றார் முதல் தடவையே. சோனியா அவருடைய முதல் மனைவி. அவள் இறந்த பிறகுதான் என்னைக் கட்டினார்.

எனக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. குடையை நான் நீட்டினால், "மழை எங்க வருது?" என்பார். அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவருக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். அதிலும் அவளே பேசினாள்.

"ஒரே வீட்லதான இருக்கேன்? எனக்கு ஒரு வார்த்தை சொல்றாளா பாருங்க!" என்று கத்தினேன்.

"உங்கிட்ட அவளுக்கு என்ன பேச்சு?" என்று சிரித்தார்.

இன்று காலை அணையைத் திறந்துவிட்டார்கள். தெருவில் எல்லார் போனும் அலறியது.

"ஏங்க, உடனே கிளம்பி மேட்டுப் பக்கம் போயிடுங்க" என்றது அவர் போன்.

"ஆட்டோ பிடிக்கிறேன், பூட்டிட்டு வா" என்று அவர் ஓடினார்.

பூட்டைக் கையில் எடுத்தபோது என் போன் முதல்முறையாகத் தமிழில் பேசியது. அதே குரல். அவ்வளவு பிரியமாக என்னிடம் யாருமே பேசியதில்லை.

"ஜான்சி, உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ வீட்லயே இரு."