கட்டைவிரல் நிற்கும் இடம்

அவள் எழுதிக்கொடுத்த கேள்விதான். சீனியர் அதைக் கையில் எடுத்துவிட்டார்.

இரண்டு போன்கள். இரண்டும் கறுப்பு. இரண்டும் அணைத்து வைத்தவை. பின்னால் ஒட்டியிருந்த 'வாதி', 'பிரதிவாதி' சீட்டுகளை நீதிபதியின் அனுமதியோடு உரித்தாயிற்று. பெயர் பொறித்த இடத்தின்மேல் கறுப்பு நாடா.

சீனியர் திரும்பி நின்று இரண்டையும் சீட்டுக்கட்டு கலைப்பதுபோல் மாற்றினார். சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்தார்.

"தொடாதீங்கம்மா. பாத்துச் சொல்லுங்க. இதுல எது நீங்க வடிவமைச்சது?"

கூண்டில் ஜெசிந்தா. சின்னக் கம்பெனியின் வடிவமைப்பாளர். தங்கள் போனின் தோற்றத்தைத் திருடிவிட்டார்கள் என்று பெரிய கம்பெனி போட்ட வழக்கு இது. தோற்றால் ஜெசிந்தாவின் போன் எந்தக் கடையிலும் இருக்காது.

பெரிய கம்பெனிக்குத்தான் சீனியர். சீனியருக்கு ஜூனியர் அவள்.

வடிவத்தைக் கண்ணால் பார்த்து மட்டுமே தீர்மானிக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒற்றை வரிக்குள் கண்ணி வைத்திருந்தாள். சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கு என்று தள்ளிவிடலாம். தப்பாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோல என்று ஆகி வழக்கே முடிந்தது.

வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. இங்கிலீஷ் வராது என்று வகுப்பில் சிரித்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதிய கேள்வி.

ஜெசிந்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"தெரியலை சார்."

சீனியர் நீதிமன்றம் முழுக்கக் கேட்கிறமாதிரி சிரித்தார்.

"பெத்த பிள்ளையை அடையாளம் தெரியலையா?"

"பிள்ளைன்னா இந்நேரம் அழுதிருக்கும் சார். இது ஆஃப்ல இருக்கு."

பின் வரிசை வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதிகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"பார்த்தா தெரியாது சார். தொட்டுப் பார்த்தா தெரியும். பஸ்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால போன் பேசுறாங்கல்ல, அந்தப் பொம்பளைங்களுக்காகப் பண்ணது. கட்டைவிரல் வந்து நிக்கிற இடத்துல சின்னதா ஒரு சரிவு வச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் வச்சேன்."

தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டார் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவருடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொடுறதெல்லாம் வேண்டாங்கய்யா," என்று நீதிபதி பக்கம் திரும்பினார் சீனியர். "பார்த்தால் தெரியாது. அது போதும்."

தட்டச்சர் அதை அடித்தார்.

சீனியர் வந்து உட்கார்ந்தார். அவள் பக்கம் சாய்ந்தார்.

"அடிச்சிட்டேம்மா! இறுதி வாதம் நீயே பண்ணு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று வருஷமாக வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடந்தாள். கிடைத்துவிட்டது.

சந்தோஷம் வரவில்லை. வழக்கம்போலக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

ஜெசிந்தா ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. யாரும் குறை சொல்லப்போவதில்லை. அதைக்கூட எடுத்துக்கொள்ளாமல், தெரியலை என்று சொல்லிவிட்டு, சாயம் போன கைத்தறிச் சேலையில் நெட்டுக்குத்தாக நிற்கிறார்.

என்ன பொம்பளை இவர்!

ஒருவர் கண்ணிலும் படாத சரிவு. விளம்பரத்தில் கிடையாது. பெட்டிமேல் கிடையாது. யாரோ ஒருத்தி பஸ்ஸில் பிடி நழுவாமல் வீடு போய்ச் சேருவாள், ஏன் நழுவவில்லை என்று அவளுக்கும் தெரியாது. அதற்காக ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார்.

"சீட்டைத் திரும்ப ஒட்டிடுங்க," என்றார் நீதிபதி.

சீனியர் இரண்டு போன்களையும் புரட்டினார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். கலைத்தவருக்கே எது எதுவென்று மறந்துவிட்டது.

"நீ ஒட்டும்மா," என்று அவளிடம் தள்ளினார்.

ஒரு கைக்கு ஒன்றாக எடுத்தாள்.

கூண்டிலிருந்து ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

இடது கட்டைவிரல் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

வலது கட்டைவிரல் ஓர் இடத்தில் போய் நின்றது. அங்கேயே இருந்தது.

இடது கையில் இருந்ததற்கு 'வாதி' என்ற சீட்டை ஒட்டினாள். வலது கையில் இருந்ததற்கு 'பிரதிவாதி'. நாடாக்களை உரித்தாள். பெயர்கள் சரியாக இருந்தன.

"ஏம்மா," என்றார் நீதிபதி. "பாத்துத்தான் ஒட்டினீங்களா?"

"பாத்தேன் அய்யா."

"நானும் உங்களைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க குனியவே இல்லையே?"

சீனியரின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. பேசாதே என்று அர்த்தம். இறுதி வாதம் என்றும் அர்த்தம்.

அவள் எழுந்து நின்றாள்.

"தொட்டுப் பாத்தேன் அய்யா."



தட்டச்சர் விரல்களை விசைப்பலகைக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அய்யா, இதையும் அடிக்கவா?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டையும் இங்க கொடுங்கம்மா," என்று கையை நீட்டினார்.