வார்டுக்கு ஒரு முழக்கம்

மனைவி செண்பகவல்லியை வார்டு தேர்தலில் நிற்க வைத்த நாளிலிருந்து முத்தழகனுக்கு முழக்கம் எழுதுவதே வேலையாகிவிட்டது. 'எளிமையின் சிகரம்' என்று எழுதிக் காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 'தெருவின் திருவிளக்கு' என்றான். "போ மச்சான், இதைச் சொன்னா எனக்கே சிரிப்பு வந்துரும்." கடைசியில் 'மாற்றத்தின் மறுபெயர்' என்று முடிவாகி, அதை மனப்பாடம் செய்துகொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

தங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மைக்கை அவள் கையில் கொடுத்தான். மனப்பாடம் செய்தது எங்கே போனதோ. இந்தத் தெருவைப் பார்த்து அவள் சத்தம் போட்டுப் பழகியது ஒன்றே ஒன்றுதான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது; வந்தவுடன் எல்லாரையும் எழுப்புகிறவள் அவள். வாய் தானாகத் திறந்தது.

"தண்ணி வந்துருச்சு!"

கதவுகள் படபடவென்று திறந்தன. போட்டது போட்டபடி பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். எதிர்த்து நிற்கும் வேட்பாளரின் மனைவி மரகதமும் வந்திருந்தாள். குழாய் வறண்டு கிடந்தது. முத்தழகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எங்கடி தண்ணி?" என்றாள் மரகதம்.

மைக்கை அணைக்கத் தெரியாமல், "மன்னிச்சுக்கக்கா, ஓட்டுக் கேக்க வந்தேன்" என்றாள் செண்பகவல்லி. தெரு முழுக்கக் கேட்டது.

யாரும் திரும்பிப் போகவில்லை. மரகதம் காலிக்குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"நீ கூப்பிட்டு என்னைக்குடி தண்ணி வராம போயிருக்கு?" என்று அதை ஆட்டோவுக்கு முன்னால் வைத்தாள். அதன் பின்னால் மற்ற குடங்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தன.