யாருக்குக் கமிஷன்?

"சிக்கனம் கமிஷன் வாங்கிட்டார்." முதலில் சொன்னது கணக்காளர்தான்.

அந்த மொழிபெயர்ப்பு ஆபீஸில் சிக்கனம் என்றால் ஸ்டோர் பொறுப்பாளர். பேனா முதல் நாற்காலி வரை எதை வாங்கினாலும் அவர் கை வழியாகத்தான். வந்த கவரையே பிரித்து, திருப்பி ஒட்டி அனுப்புகிற மனுஷன். ஆள் இல்லாத இடத்தில் விசிறி ஓடினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்டவர் விலை கூடின கம்ப்யூட்டரைத்தான் வாங்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றால், யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மொத்தமாக மாற்றுவது என்று முடிவானது. இரண்டு கம்பெனிகள் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயின. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நிறம் மட்டுமில்லை, உள்ளே ஓடுகிற சிஸ்டமே வேறு. வெள்ளைக்குக் கொடுக்கிற காசில் கறுப்பு ஒன்றரை வாங்கலாம்.

"ஒரு மாசம் எல்லாரையும் மாத்தி மாத்தி ரெண்டுலயும் உக்கார வைங்க. எது உழைக்கும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று மேனேஜர் சிக்கனத்திடம் ஒப்படைத்தார்.

முதல் வாரம் அவர் கறுப்புப் பக்கம்தான்.

"தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கான். நம்ம ஆளுங்களுக்கும் கை பழகின சிஸ்டம். வெள்ளை எதுக்கு, ஷோவுக்கா?"

அடுத்த வாரம் ஆளே மாறிவிட்டார்.

மாசக் கடைசியில் மேனேஜர் அறையில் பேச்சு நடந்தது.

"வெள்ளையே வாங்கிடலாம் சார்."

கணக்காளர் சிரித்தார். "அதுவும்தான் ஒரு நாள் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. நானே பார்த்தேன்."

"நின்னுச்சு. அணைச்சுப் போட்டதும் விட்ட இடத்துலேர்ந்து வந்துடுச்சு. கறுப்பு நின்னப்போ அரை நாள் வேலை அழிஞ்சு போச்சு."

"அதுக்கு இவ்வளவு விலையா?"

"இன்னைக்கு விலையை மட்டும் பார்க்காதீங்க. வைரஸுக்கு ஒரு செலவு, ரிப்பேருக்கு ஒரு செலவு, அது சரியாகிற வரைக்கும் ஆளுங்க சும்மா உக்காந்திருக்கிறது ஒரு செலவு. அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

மேனேஜர் தானே கூட்டிப் பார்த்தார். தப்பு கிடைக்கவில்லை.

"பாதிப் பேருக்கு வெள்ளை, பாதிப் பேருக்குக் கறுப்புன்னு வாங்கினா?"

"வேண்டாம் சார்." சிக்கனம் அவசரமாகச் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்."

கணக்காளர் வெளியே போனதும் மேனேஜர் குரலைத் தணித்தார். "மனசு விட்டுக் கேக்கிறேன். அந்தக் கம்பெனிக்காரன் உங்களுக்கு ஏதாவது செய்யறானா?"

சிக்கனத்தின் முகம் சுண்டிப்போனது. "இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்? ஷோவுக்கான்னு கேட்டதும் நீங்கதானே?"

சிக்கனம் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கணக்கு சரியா இருக்கு, வாங்கிடலாம். ஆளைப் பத்திதான் என்னால அப்படிச் சொல்ல முடியல. இந்த ஆர்டரோட சரி. இனிமே வாங்கிற வேலையெல்லாம் கணக்காளர் பார்த்துக்கட்டும்."

"சரி சார்."

ஆபீஸ் முழுக்கச் செய்தி பரவியது. "புது வண்டி எப்போ எடுக்கறீங்க?" என்று போகிற வருகிற இடத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் கேட்காத மாதிரி நடந்தார்.

வெள்ளைக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. சிக்கனமே ஒவ்வொரு மேஜையாக ஒயர் மாட்டிக்கொண்டு வந்தார். கடைசி மேஜை மூத்த மொழிபெயர்ப்பாளருடையது. ஆபீஸுக்கே அவர் அக்கா. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"என்ன தம்பி, உங்களைப் பத்தி இப்படிப் பேசிக்கறாங்க? காதுல போட்டுக்கவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார் அக்கா.

சிக்கனம் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"ஓட்டிப் பார்க்க உக்காந்தப்போ, ஒரு வரியைக் காட்டி என்னைப் படிக்கச் சொன்னீங்க. கண்ணாடி எடுத்துட்டு வர மறந்துட்டேன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்காக்கா?"

"அதுக்கென்ன?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பார்வை இன்னும் குறையும்னு டாக்டர் சொல்லிட்டார். வெளியே சொல்லிடாதீங்க தம்பி. கை நடுக்கம் வந்த டைப்பிஸ்டை இவங்க எப்படி வேலையை விட்டு அனுப்பினாங்கன்னு பார்த்தீங்கள்ல. என் ஒரு சம்பளத்துலதான் வீடே ஓடுது."

சிக்கனம் ஹெட்போனை எடுத்து அவரிடம் நீட்டினார். "மாட்டிக்குங்க."

ஏதோ இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினார். அக்காவின் காதுக்குள் ஒரு பெண் குரல், திரையில் இருந்த கடிதத்தை வார்த்தை வார்த்தையாகப் படிக்க ஆரம்பித்தது. அக்கா அசையாமல் கேட்டார். ஹெட்போனைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"கறுப்புலயும் இதைச் செய்யலாம்க்கா. ஆனா அதுக்குத் தனியா ஒரு புரோகிராம் வாங்கணும். யாருக்குன்னு கேப்பாங்க. இதுல உள்ளேயே இருக்கு, யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"இதை மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க பேர் கெட்டிருக்காதே தம்பி."

சிக்கனம் ஒயரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"இந்த ஆர்டர்லயே எல்லா மேஜைக்கும் ஹெட்போன் வாங்கிப் போட்டிருக்கேன்க்கா. நீங்க மாட்டிக்கிட்டாலும், பாட்டுக் கேக்கறீங்கன்னுதான் நினைப்பாங்க."