மெட்டு வரைக்கும் ஒரு வெளிச்சம்

"மாப்ளே, இன்னிக்கும் பியூஸ் கட்டையைக் காணோம்" என்றார் பொன்னுமணி.

"தங்கச்சி எங்க?" என்றேன். அவர் மனைவி சுந்தரம்மாள் எனக்குத் தங்கச்சி முறை.

"சிலமலைக்குப் போயிருக்கா. அவ ஆத்தாளுக்குக் காய்ச்சலாம். போகையில கட்டையைப் பிடுங்கிக் கொண்டுபோயிட்டா. வீட்டை விட்டுக் கிளம்புறப்பெல்லாம் அவளுக்கு இதே சோலி."

போடியில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்த புதிது. ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ. ஒரு பல்பு எரிவதையே நாங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த காலம். ஏலக்காய் மண்டியில் தராசு பிடித்த பொன்னுமணிக்கு அது போதவில்லை.

டென்ட் கொட்டகையில் படம் காட்டும் மெஷினில் எரிந்து மிச்சமான கரிக்குச்சிகளைக் கேட்டு வாங்கி வந்தார். எண்ணெய் டின்னுக்குள் இரண்டு குச்சிகளை நுனிக்கு நுனி நிறுத்தினார். பின்னால் ஒரு குழிக்கண்ணாடி. கரண்டை அடக்குவதற்கு ஒரு பானை உப்புத் தண்ணீர். அவ்வளவுதான், மொட்டைமாடியில் ஒரு சின்னச் சூரியன். எத்தனையோ விளக்கு பார்த்துவிட்டேன், அப்படி ஒரு வெள்ளையை மறுபடி பார்க்கவில்லை.

ஆனால் கண்டிப்பான மனுஷன். வெல்டிங் பட்டறைக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் மட்டும்தான் விளக்கைப் பார்ப்பார். மற்றவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைத்தான் பார்க்க வேண்டும். விளக்கைப் பார்த்தால் கண் போய்விடுமாம்.

அன்றைக்கு வெறும் வேடிக்கை இல்லை. அவர் தங்கை மாயக்காள் மலை மேலே ஏலத்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை பிறந்த பிறகு கீழே இறங்கவே இல்லை. 'பொழுது சாயவும் மலையுச்சியில, போடிமெட்டுல வந்து நில்லு, அண்ணன் வெளிச்சம் காட்டுறேன்' என்று ஜீப்புக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். சருகைக் கூட்டி நெருப்புக் காட்டுவதாக அவளும் பதில் சொல்லியிருந்தாள்.

"கைப்பிள்ளையோட பனியில நிப்பா, மாப்ளே."

"கட்டை இல்லாட்டி என்ன? ஒயரை முறுக்கி விட்டுருவோம்."

"வீடு எரிஞ்சுபோகும். அதெல்லாம் ஆகாது."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புருஷன் ஆசைப்படுவது இது ஒன்றுதான், அதிலும் மண்ணை அள்ளிப் போடுகிறாளே என்று தெருவே பேசியது. எனக்கும் ஆத்திரம்தான்.

"போதும் மாப்ளே" என்றார் பொன்னுமணி. "நாளைக்கே எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுர்றேன். அவளுக்குப் பிடிக்காததை வச்சுக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டணும்?"

அப்போதுதான் சுந்தரம்மாள் ஓட்டமும் நடையுமாக மாடியேறி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டையை நீட்டினாள்.

"பஸ்சு வழியில நின்னுபோச்சு."

"என் கூடப் பிறந்தவ அங்க காத்துக் கெடக்கா. ஒனக்கு அது பொறுக்கலையா?"

கட்டையை அவர் கையில் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

பொன்னுமணி கீழே ஓடிக் கட்டையைச் சொருகிவிட்டு வந்தார். டின்னுக்குள் சடசடவென்று சத்தம். வெளிச்சம் மலையைப் பார்த்து நீண்டது. நாங்கள் விளக்குக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து மெட்டுப் பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அணைந்துவிடுமோ என்று பயந்தோம். அது பெரிதாகி எரிந்தது.

"எரியுது மச்சான், நெருப்பு எரியுது" என்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மலையைப் பார்த்தார் பொன்னுமணி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குச்சியைச் சரிசெய்யக் குனிந்தார்.

என்ன இருந்தாலும் சுந்தரம்மாளும் பார்க்கட்டுமே என்று படிக்கட்டுப் பக்கம் போனேன்.

நிலை ஓரமாக, ஒரு மணைப்பலகை மேல் ஏறி நின்றாள். இரண்டு கையிலும் உலக்கை. முகம் சுவரைப் பார்த்து இருந்தது. டின் இடுக்கில் கசிந்த வெளிச்சத்தில் பொன்னுமணியின் நிழல் அந்தச் சுவரில் அசைந்துகொண்டிருந்தது.

"என்னத்தா இது, உலக்கையும் கையுமா?"

நிழலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"கரண்டு ஆளைப் பிடிச்சா கையால தொடக்கூடாதாம்ண்ணே. காஞ்ச பலகையில நின்னு காஞ்ச மரத்தால தட்டிவிடணும்னு லைன்மேன் சொன்னாரு. வெளிச்சத்தைத்தான் பாக்கக்கூடாதே, அதான் நெழலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"எப்பவுமா நிக்கிற?"

"அவுக விளக்குப் போடுறப்பெல்லாம். நான் ஊருக்குப் போயிட்டாத் தட்டிவிட ஆளில்லயே? அதான் கட்டையைக் கையோட கொண்டுபோயிருவேன்."

"இதை அவருகிட்டச் சொல்லியிருந்தா இத்தனை ஏச்சு வாங்க வேணாமேத்தா?"

"வேணாம்ண்ணே, நீங்களும் சொல்லிராதீக" என்றாள். "எனக்குப் பயமா இருக்குன்னு தெரிஞ்சா, அப்புறம் அவுக அந்த விளக்கைத் தொடவே மாட்டாக."