தெற்குச் சுவர் ரோஜா

போர்ட்லாந்தில் விலைக்கு வந்திருந்த அந்த வீட்டுக்குள் மார்னி இன்னும் காலடிகூட வைக்கவில்லை. தெற்குச் சுவர் முழுக்கப் பூத்துப் படர்ந்திருந்த கொடி ரோஜாவைப் பார்த்ததும், கனவில் நிற்பவள்போல் நின்றுவிட்டாள்.

ஏணிமேல் நின்று கொடியைக் கட்டிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். "வீடு பாக்க வந்தீங்களா? இந்தக் கொடியை என்ன பண்றதா உத்தேசம்?"

"ஜன்னலைத் திறந்தா வாசம் உள்ள வரணும். வேற என்ன பண்றது?"

"அப்ப நேரா ஏற விடாதீங்க. படுக்கவாட்டுல வளைச்சுக் கட்டினா கொடி முழுக்கப் பூக்கும்."

"இவ வீட்டைப் பாக்காமலே வாங்கிடுவா போல," என்று சிரித்தான் கணவன் கர்ட்.

வாங்கியேவிட்டார்கள்.

குடிவந்த அன்று தண்ணீர் ஊற்றப் போன மார்னி சுவரோரமெல்லாம் தேடினாள்; வேரைக் காணோம். கொடி வேலியைத் தாண்டி வந்திருந்தது. வேலிக்கு அப்பால் அதே பெண், கையில் தண்ணீர்க் குழாயோடு.

"நீங்க... இந்த வீட்டை வித்தவங்க இல்லையா?"

"நான் பக்கத்து வீடு. என் பக்கம் ஒரே நிழல். வெயிலும் பூவும் உங்க சுவர்லதான்."

"எங்களுக்கு முன்னாடி யாருமே இந்த வீட்டைக் கேட்டு வரலையா?"

"வந்தாங்களே! கொடியை வெட்டிடுவோம்னு சொன்னவங்ககிட்ட எல்லாம், கூரை ஒழுகும்னு சொல்லி அனுப்பிட்டேன்."