கிளம்பாத வண்டி

எபனேசருக்கு மனிதர்களின் முகங்கள் மறக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஷெட்டுக்குப் போய்விடுவார். கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பார், செயினுக்கு எண்ணெய் விடுவார், பிறகு கிக்கரை மிதிப்பார். வண்டி கிளம்பாது. வீட்டு வாசலிலேயே குன்னூர் மலைப்பாதை தொடங்குகிறது. அவர் தனியாக வண்டியில் அதில் இறங்கிவிடக் கூடாதென்று மனைவி பியூலா வண்டியின் நல்ல ஸ்பார்க் பிளக்குகளை அரிசி டப்பாவில் ஒளித்துவிட்டு, செத்துப்போன பிளக்குகளை மாட்டியிருந்தாள். அவர் அவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிட்டு மறுபடி மிதிப்பார். ஒருநாள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். “வண்டி வேலையும் மறந்துபோச்சு பியூலா. இனி நான் எதுக்கு?” அவள் பெயர் அவர் வாயில் வந்து எத்தனையோ நாட்கள் ஆகியிருந்தன. அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நல்ல பிளக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். “இத மாட்டிப் பாருங்க.”

இரண்டாவது மிதியில் என்ஜின் உறுமி, கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தபடி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். பியூலா ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். “போதுங்க, அணைச்சிடுங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வழி விடுங்கம்மா. நேரமாச்சு. வீட்ல பியூலா தனியா இருப்பா, பயந்துக்குவா.”

அவள் கையை எடுத்தாள்.

“நானும் அந்தப் பக்கந்தாங்க போகணும்” என்று சொல்லி, பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.